எழவு சொல்லாத வீடு

அப்பா லீவில் வந்து இறங்கினால் எங்கள் வீடு முழுக்கச் சீமெண்ணெய் வாசம் அடிக்கும். அவருடைய கனத்த பச்சைப் பையைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது அதுதான். மடித்து வைத்த சட்டை, காலுறை, எனக்கென்று வாங்கி வந்த பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கும், பிஸ்கட்டைக் கடித்தால் நாக்கிலும் லேசாகத் தெரியும். விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயும் சீமெண்ணெய் இனம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. "உங்கொப்பன் எந்த ரேசன் கடையில சீமெண்ண ஊத்தறாரு?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். அவள் காதைத் திருகி அழவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா சண்டை விமானம் ஓட்டியவர். பெயர் வெள்ளியங்கிரி. சூலூருக்குப் பக்கத்தில், பருத்தியும் சோளமும் விளைந்த காட்டில் ஆடு மேய்த்த பையன், வெள்ளைக்காரன் தன் சண்டைக்காகப் போட்ட ஓடுபாதையின் வேலிக்கு வெளியே நின்று, இறங்குகிற விமானங்களை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறான். பார்த்ததோடு விட்டிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும். விடவில்லை. படிப்பை முடித்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் விமானப்படைக்கு எழுதிப்போட்டு, வடக்கே போய்ப் பயிற்சி எடுத்து, அந்த உடுப்போடு வந்து வாசலில் நின்றபோது, அவருடைய அப்பா சொன்னது இவ்வளவுதானாம்: "கெணத்துக்குள்ள எறங்கறவனுக்காச்சும் கயிறு கட்டி உடலாம். மேல ஏறறவனுக்கு ஆருடா கயிறு புடிக்கறது?"

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் அப்பா ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். அவர் ஓட்டியது பொடிசு, எதிராளியுடையது பெரியது. எப்படி வீழ்த்தினீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பருந்து கோழிக்குஞ்சத் தூக்கறப்பப் பாத்திருக்கறீங்களா? வெயில முதுகுக்குப் பொறத்தால வெச்சுக்கிட்டுத்தான் எறங்கும். குஞ்சு நிமுந்து பாத்தா கண்ணு கூசிப்போகும். அவ்வளவுதானுங்க." அதற்கு மேல் கிளறினால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அந்தச் சண்டையில் அவர் நாள் தவறாமல் எல்லை தாண்டிப் பறந்ததும், ஒருமுறை இறக்கையில் ஓட்டையோடு தட்டுத்தடுமாறித் திரும்பியதும், தனக்குப் பின்னால் வந்த சின்னவன் ஒருவனைக் காப்பாற்ற வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தன்னை இலக்காகக் காட்டியதும், நான் பெரியவளான பிறகு அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் அவர் இதையெல்லாம் பேசியதே இல்லை.

அம்மா மட்டும் ஒன்று கேட்டாள், அது எனக்கு நினைவிருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, அந்த ஏரோப்பிளேன்ல இருந்தவரு குதிச்சுட்டாருங்களா?" அப்பா கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "தெரியல சரசு. பொகை மூடிக்கிச்சு." அம்மா சொன்னாள்: "அவங்க ஊட்லயும் ஒருத்தி இருப்பாளுங்களே. அவளுக்கு ஆராச்சும் சொல்லியிருப்பாங்களா?" அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

டெல்லிக்குப் போய் வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தார். வீர சக்கரம் என்று பெயர். அவிநாசிப் பக்கம் இருக்கிற அம்மாவின் ஊருக்கு விருந்துக்குப் போனோம். அம்மாவுக்கு அப்பா இல்லை. அவருடைய அண்ணன்தான் அந்த வீட்டுக்குப் பெரிய தலை. நான் அவரைப் பெரிய அப்புச்சி என்று கூப்பிடுவேன். நக்கலுக்குப் பேர்போன ஆள். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சக்கரம் குடுத்துட்டாங்க, சந்தோசமுங்க மாப்ள. ஒத்தச் சக்கரத்த வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? இன்னொண்ணும் குடுத்தாங்கன்னா வண்டி கட்டிப்போடலாமல்லங்க?" என்றார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே, "அடுத்த சண்டையில வாங்கியாந்தர்றனுங்க மாமா" என்றார்.

அடுத்த சண்டை எழுபத்தொன்றில் வந்தது.

அதற்கு முன் கடைசியாக லீவு முடிந்து போனபோது, கோயமுத்தூர் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட நானும் அம்மாவும் போனோம். ரயில் நகரும்போது படியில் நின்று, "வாரேன் அம்மணி, வாரேன் கண்ணு" என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லமாட்டார்கள், தெருமுனைக் கடைக்குப் போகிறவனும் "வாரனுங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். அது வாக்கு இல்லை, வழக்கம். ஆனால் அம்மா பின்னாட்களில் யார் என்ன கேட்டாலும் "அவரு வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க போனாரு" என்று அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக் காட்டுவாள். எனக்கு அந்த வார்த்தையின் மேல் இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது. போகிறவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில் நான் பிறந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சண்டையில் ஜெயித்துவிட்டோம் என்று ஊரே வெடி வைத்துக்கொண்டிருந்த நாளில் தந்தி வந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்தான் படித்துச் சொன்னார். 'மிஸ்ஸிங்' என்று போட்டிருந்தது. அவர் அதைத் தமிழில், "காணமுன்னு போட்டிருக்குதுங்க" என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது, அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். ஆனால் எங்கள் ஊரில் காணாமல் போவது மாடும் கன்றும். அவிழ்த்துக்கொண்டு ஓடுவது, இல்லாவிட்டால் எவனாவது ஓட்டிக்கொண்டு போவது. மனிதன் காணாமல் போனால் கடனுக்குப் பயந்து ஓடினான், இல்லை எவளையோ கூட்டிக்கொண்டு ஓடினான் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "காணாமப் போறதுக்கு அவரென்ன அந்தியூர்ச் சந்தையில புடிச்ச கன்னா?" என்று ஒருத்தர். "சண்டைன்னதும் பயந்துபோய் எறங்கி ஓடிட்டாராட்ட இருக்குது" என்று இன்னொருத்தர். இறங்கி ஓடுவதற்கு அது டவுன் பஸ் இல்லை என்று சொல்ல அங்கே ஆளில்லை. நான் காதைத் திருகிய அதே பெண், "உங்கொப்பன் ஓடிப்போயிட்டானாமா?" என்று கேட்டாள். இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை. உண்மை என்ன என்று எனக்கே தெரியாதபோது எந்தக் காதைத் திருகுவது?

கொஞ்ச நாள் கழித்து அப்பாவோடு பறந்த ஒருவர் வீடு தேடி வந்தார். பாலக்காட்டுக்காரர். அவர் சொன்னதைத்தான் நாங்கள் இன்றுவரை நம்புகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் டாங்கிகள் இறங்கிக்கொண்டிருந்தன. இவர்கள் நான்கு விமானங்களில் போய் அடித்தார்கள். அப்பா முதல் ஆளாக இறங்கினார். முதல் முறையிலேயே வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஒரு பீரங்கி மட்டும் பின்னால் வருகிற விமானங்களைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்ததால், அப்பா திரும்பி வந்து இரண்டாம் முறை அதன்மேல் இறங்கினார். அப்போது அடிபட்டது. "பாரசூட் விரிஞ்சது நான் கண்டதாக்கும் சேச்சி. என்ற இந்தக் கண்ணால கண்டது" என்றார் அவர், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி. அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் நெற்றியில் குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டாள்.

சிறைபிடித்தவர்களை இரண்டு நாடுகளும் ஒப்படைத்தபோது அப்பா வரவில்லை. அவர்கள் தரப்பில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். நம் தரப்பில், விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். இரண்டாவது சக்கரம் மட்டும் அறிவித்தார்கள். டெல்லிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்கள். "அது அவருதுங்க. அவரு வந்து வாங்கிக்குவாரு" என்று சொல்லி அம்மா போகவில்லை. பிறகு அதை ஒரு அதிகாரி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஜோடி சேர்ந்துவிட்டது. வண்டி கட்டச் சொல்லி இந்த முறை யாரும் நக்கலடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மணி மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. மணி மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவைவிட ரொம்பச் சின்னவர், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவர். எங்கள் சனத்தில் கல்யாணத்துக்கு முன்பு 'இணைச்சீர்' என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, கல்யாணப் பெண்ணைப் போலவே கூறைச்சேலை உடுத்தி, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையை ஏந்தி, மாப்பிள்ளைக்கு இணையாக நிற்க வேண்டும். புதிதாக ஒருத்தி வரப்போகிறாள், அதனால் கூடப்பிறந்தவளின் பாத்தியதை போய்விடாது என்பதற்கான சீர் அது. தாலி கட்டுவதற்குச் சமமாக இதையும் மதிப்பார்கள். அம்மா பிறந்ததே அந்தச் சீரில் நிற்பதற்குத்தான் என்பதுபோல ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம். கழுத்தை அறுப்பதென்றாலும் "சித்தே தலைய நிமுத்துங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். அம்மா கூறைச்சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, பந்தலுக்கு வந்து நின்றாயிற்று. பெரிய அப்புச்சி பக்கத்தில் வந்தார்.

"அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பொட்டு வெச்சிருக்கறீங்க, பூ வெச்சிருக்கறீங்க, ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லலீங்க. ஆனா சீருன்னு வந்தா நாலுந் தெரிஞ்சல்லங்க செய்யோணும்?"

"என்னத்தத் தெரியோணுமுங்க பெரீப்பா?"

"வாழ்றவளா, இல்லாதவளான்னு தெரியோணுமல்லங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா பழி ஆரு மேல வரும்?"

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு ஒருத்தரும் எழவு சொல்லலீங்களே பெரீப்பா" என்றாள்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால், அதற்கென்று ஒரு ஆள் சொந்தக்காரர் இருக்கிற ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்று சொல்லுவான். அதற்கு 'எழவு சொல்றது' என்று பெயர். காதில் பத்து வதந்தி விழுந்தாலும், அவன் வந்து சொன்னால்தான் சாவு. சொல்லாத சாவுக்குப் போகிற வழக்கமில்லை. சொல்லாத சாவுக்குத் தாலி கழற்றுகிற வழக்கமும் இல்லை. அம்மா சட்டம் பேசினாள், ஊரின் சொந்தச் சட்டத்தையே எடுத்துப் பேசினாள். பெரிய அப்புச்சி மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பினார்.

"மணி, நீங்க சொல்லுங்க. உங்க கண்ணாலம். அக்கா நிக்கட்டுமுங்களா?"

மணி மாமா தலைப்பாகையோடு மணையில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கட்டைவிரல் மண்ணைக் கீறுவது தெரிந்தது. ஒரு "நிக்கட்டுமுங்க" சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை.

அம்மா உள்ளே போனாள். கூறையை அவிழ்த்து மடித்து அந்தக் கூடையில் வைத்து, பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "நீங்க கட்டிக்குங்க கண்ணு, நேரமாச்சு" என்று தானே அவளுக்குக் கொசுவம் வைத்துவிட்டாள். பிறகு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினாள். சீர் நடந்தபோது அவள் பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலை இலையாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டவர்கள் எல்லாம், "போதுமுங்க அம்மணி, போதுமுங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வருசக்கணக்கில் சொந்தக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள். வைக்கோலில் ஒரு உருவம் செய்து எரித்துக் கருமாதியை முடித்துவிடலாம், அவருக்கும் நல்லது என்றார்கள். டெல்லியிலிருந்து ஒருநாள் 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று வந்தது. "கருதறதுன்னா என்னங்க? பாத்தாங்களா, இல்லீங்களா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பார்க்கவில்லை என்றார்கள். "அப்பச் சரிங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பொட்டை ஊர் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தாலி அறுத்தவளுக்குக் கிடைக்கிற இரக்கமும் அவளுக்கு இல்லை, வாழ்கிறவளுக்குக் கிடைக்கிற மரியாதையும் இல்லை. ஒரு கல்யாணத்தில்கூட அவளை முன்னால் கூப்பிடவில்லை, ஒரு சாவிலும் மற்ற விதவைகளோடு உட்காரவைக்கவில்லை.

ஆனால் அம்மா ஒன்று செய்தாள், அது எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. சுவரில் இருந்த படத்தில் அப்பாவுக்கு எப்போதும் முப்பத்தைந்து வயது, கருகருவென்று மீசை. அம்மா மனசில் அவருக்கு வருசா வருசம் வயது ஏறிக்கொண்டே போனது. "உங்கப்பாவுக்கு இந்நேரம் தலை நரச்சிருக்கும் கண்ணு" என்பாள். ஒரு தீபாவளி நோம்பிக்கு, "அவங்க குடும்பத்துல நாப்பத்தஞ்சுக்கு மேல எல்லாத்துக்கும் சுகரு வந்துரும்" என்று பலகாரத்தில் சர்க்கரையைக் குறைத்தாள். எனக்குக் குழந்தை பிறந்தபோது, "பேரன் வந்துட்டான்னு தெரிஞ்சா தூக்கோணும்பாரு, முட்டி வலியோட எப்படித் தூக்குவாரோ" என்றாள். நான் கோபத்தில் கத்தியிருக்கிறேன். அவள் கண்டுகொள்ளமாட்டாள். வெளிநாட்டுச் சிறையில் ஒரு மனிதன் கிழவனாவதை இங்கே ஒரு சமையலறையில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருசத்துக்கு முன் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவள் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் வாசல் நடையில் நின்றாள், உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"அப்பா போயிட்டாருங் கண்ணு."

"ஆரும்மா சொன்னாங்க?"

"ஆரும் சொல்லோணுமா? எங்க மாமனாரு எம்பத்திரண்டு வயசுல போனாரு. அவங்க அண்ணனும் எம்பத்திரண்டுலதான். இவரு மட்டும் எத்தன நாளைக்கு இருப்பாரு? இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, பாவம்."

பிறகு உட்கார்ந்து அழுதாள். ஒரு மனைவி தன் வயதான கணவனுக்கு அழுகிற அழுகை அது. முப்பத்தைந்து வயதில் அவரைச் செத்தவராக்க எல்லாரும் அவசரப்பட்டபோது, அவள் மட்டும் அவரை எண்பத்திரண்டு வரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது. நானும் அவளோடு உட்கார்ந்து என் அப்பாவுக்காக முதல் தடவையாக அழுதேன்.

போன வருசம் அம்மா போனாள். பெண்ணுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வாழ்கிறவளாகப் போனால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மணி மாமா காரிலிருந்து இறங்கும்போதே கையில் சிவப்புப் பட்டு. அவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது, மகன் கைப்பிடித்துத்தான் நடக்கிறார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்: "எங்கக்கா வாழ்ந்துதான் போறா! ஆரு என்ன சொன்னாலுஞ் சரி, இதத்தான் போடோணும்!" பெரிய அப்புச்சி செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எதிர்த்துப் பேச அங்கே யாரும் மிச்சமில்லை.

நான் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "மாமா, வெள்ளைதானுங்க போடோணும். அம்மாவே முடிச்சுட்டாங்க. ஆறு வருசமாச்சு."

"என்ன கண்ணு சொல்றே?"

"தீவாளிக்கு வந்தீங்க, பொங்கலுக்கு வந்தீங்க. பொட்டு இல்லாம இருந்ததப் பாக்கலீங்களா? ஒருதரமாச்சும் அவங்க நெத்தியப் பாக்கலீங்களா?"

மாமா பட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "அவ மூஞ்சிய நிமுந்து பாக்கறதுக்கு எனக்கு எங்க கண்ணு மூஞ்சி இருந்துச்சு?" என்றார்.

நான் ஆறுதல் சொல்லவில்லை.

மாமாவின் மகன் கடைக்குப் போய் வாங்கிவந்த வெள்ளைதான் போட்டோம். சிவப்பை மாமா திருப்பி எடுத்துப்போகவில்லை, என் பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது. அப்பா ஆடு மேய்த்த காடு இப்போது விசைத்தறிக் கூடங்களாகிவிட்டது. இணைச்சீருக்கு இப்போது டிரோன் கேமரா வைத்துப் படம் எடுக்கிறார்கள், அருமையாக இருக்கிறது. எழவு செல்போனில் வருகிறது. இதெல்லாம் போனதற்காக நான் வருத்தப்படவில்லை, போகட்டும்.

எனக்கு இல்லாமல் போனது வேறு. நரைத்த தலையும் சர்க்கரை வியாதியும் முட்டி வலியுமாக ஒரு கிழவர் எங்கள் வீட்டில் இத்தனை வருசம் இருந்தார். அவரை எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் செத்த பிறகும் அம்மாவின் பேச்சில் இருந்தார், அம்மா போனதோடு அதுவும் இல்லை. சுவரில் இப்போது இருப்பது முப்பத்தைந்து வயதுப் பையன் ஒருவன். என் மகனைவிடச் சின்னவன். அவனை அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.